திண்டிவனத்துக்கு அருகே ஓர் அரிஸோனா

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துக்குப் போய் வந்தவர்கள் இரண்டு அதிசயங்களைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். ஒன்று, கொலராடோ நதி அறுத்துச் சென்ற பெரும் பள்ளத்தாக்கு. அதன் ஆழம் ஒரு மைலுக்கு மேல். மற்றொன்று, கல்லாய்ச் சமைந்த காடு. இவ்விரண்டையும் படம் பிடிப்பதற்கென்றே தம்பதிகள் மோட்டாரில் ஏறிப் பாலைவனத்தில் நாட்கணக்காக அலைவதுண்டு. என் மனைவிக்குக் காமிராப் பித்து உண்டு. எனக்கோ உபாத்தியாயருடைய சம்பளந்தான் உண்டு. ஆகையால், காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய அரிஸோனா ஒன்று நமக்கு அகப்படாதா என்று தேடினோம். அகப்பட்டது. அது விழுப்புரம் ஜில்லாவில், வானூர்ப் பக்கத்தில் இருக்கிறது.

திண்டிவனம் என்ற பெயரிலேயே ஒரு வனம் இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். 'திந்திரிணி' என்றால் புளி. ஊர்ச் சிவபெருமானுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். அந்தப் புளியங்காடு இப்போது பெயரளவில்தான். விழுப்புரம் செல்லும் பெரும் சாலையில் தெற்கே வந்து, கூட்டேரிப்பட்டில் கிழக்கே திரும்பி, மயிலம் முருகனைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டுப் புதுச்சேரிச் சாலையில் போனால், வழியில் திருவக்கரைக்குப் பிரியும் பாதை வரும். ஜல்லி லாரிகள் எதிரே வந்த வண்ணம் இருக்கும். புழுதிக்குத் தயாராகப் போக வேண்டும்.

திருவக்கரை என்றவுடன் வக்ரகாளியையும் சந்திரமௌலீசுவரரையும் நினைப்பவர்களே அதிகம். சம்பந்தர் பாடிய தலம் அது. மூன்று முகங்களுடைய லிங்கம் அங்கே இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் சிறிது தூரத்திலுள்ள கல்மரங்களை எட்டிப் பார்க்கிறார்கள்? அந்தச் சிவந்த மேட்டில், மழை அரித்த சிறு பள்ளங்களுக்கு நடுவே, அறுத்துப் போட்ட அடிமரங்களைப் போல அவை கிடக்கின்றன. சில 15 மீட்டர் வரையில் நீளமுள்ளவை. கண்ணுக்கு மரம், கைக்குக் கல். வளையங்கள் தெரிகின்றன, கணுக்கள் தெரிகின்றன. விறகு வெட்டி ஒருவன் கோடரியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான் என்றே தோன்றும். அவன் போய் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன!

ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்த மரங்களுக்குக் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் இல்லை. எனவே இவை நின்ற இடத்தில் சாய்ந்தவை அல்ல; எங்கிருந்தோ பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று பூமிசாஸ்திரிகள் சொல்கிறார்கள். புதைந்த மரத்துக்குள் மணற்சத்து கரைந்த நீர் ஊறி, அணு அணுவாக மரத்தின் இடத்தில் கல் குடியேறிற்று. புளிய மரத்தின் இனத்தார் அவற்றில் இருக்கிறார்கள். மழை மிகுந்த மலைக்காடுகளில் இன்று வளரும் இனங்களின் முன்னோர்களும் இருக்கிறார்கள். வானூர்ப் புழுதியில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் நம்புவது கொஞ்சம் கஷ்டந்தான்.

சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளியிட்ட பிரயாண நூலில் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். பிற்பாடு இவற்றை முறையாக ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பேராசிரியர் பீர்பல் ஸாஹ்னி. திருவக்கரையின் ஊசியிலை மரத்துக்கு இன்று வழங்கும் சாஸ்திரப் பெயர் அவர் அமைத்தது. 1946-ல் லக்னோவில் தொல்தாவர ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். கல்லான தாவரங்களைப் பதித்துத் தாமே உருவாக்கிய அஸ்திவாரக் கல்லை 1949 ஏப்ரல் 3-ந் தேதி ஜவாஹர்லால் நேரு நாட்டக் கண்டார். ஒரு வாரத்தில் காலமானார். தம் கழகத்துக்குச் சுவர் எழும்பியதை அவர் பார்க்கவில்லை.

கல்மரங்களை இப்போது மத்திய சர்க்காரின் பூமிசாஸ்திர இலாகா வேலி போட்டுக் காக்கிறது. வேலிக்கு அவசியம் உண்டு. கைக்கு அடக்கமான துண்டைப் பையில் போட்டுக் கொள்ளும் ஆசை யாருக்குத்தான் வராது? அரிஸோனாவிலும் இதே உபத்திரவம். அங்கே 1906-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அப்படியும் துண்டுகளைத் திருடிச் சென்றவர்கள் பிறகு மனம் பொறுக்காமல், மன்னிப்புக் கடிதத்துடன் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். என் மனைவி தரையில் கிடந்த ஒரு சில்லைக் குனிந்து பார்த்தாள். குடையை அதன் அருகில் அளவுக்காக வைத்துப் படம் எடுத்தாள். நிமிர்ந்து, "தபால் செலவு மிச்சம்" என்றாள்.

அங்கிருந்து கடலை நோக்கிப் போனால் ஆரோவில்லை அடுத்த செம்மண் மேட்டுநிலம் வருகிறது. குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் பக்கங்களில் நிலம் திடீரென்று பிளந்து, சிவந்த சுவர்களும் கோபுரங்களுமாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. மாலை வெயில் சாய்வாக விழும்போது அவை பற்றி எரிவது போல் இருக்கும். கல்யாணத்துக்கு முன் படம் எடுத்துக் கொள்ளும் ஜோடிகள் வருவதில் ஆச்சரியம் இல்லை.

கொலராடோவின் பள்ளத்தாக்கு லக்ஷக்கணக்கான வருஷங்களில் நதி செய்த வேலை. இந்தப் பள்ளங்கள் அப்படியல்ல. பெரும்பாலும் நாம் செய்த வேலை. விறகுக்கும் சாகுபடிக்கும் காடு போயிற்று; மிச்சத்தை ஆடு மாடு மேய்ந்தன. மறைப்பில்லாத மண்மேல் ஐப்பசி, கார்த்திகை மழை நேராக விழுந்து, மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடிற்று. மழைக்காலத்தில் கடலே சிவந்து கிடக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

"ரணத்தையா படம் எடுக்கிறாய்?" என்றேன்.

"ஏன், டாக்டர்கள் எடுப்பதில்லையா?" என்றாள் அவள், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. பிறகு, "நீங்கள் மேலே பாருங்கள், கீழேயே பார்க்கிறீர்களே!" என்றாள்.

மேலே இரு கரையிலும் மரங்கள் நின்றன. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இங்கே வெறும் செம்மண் பொட்டல். வந்தவர்கள் வரப்புக் கட்டி மழைநீரைத் தடுத்தார்கள்; முதலில் ஆஸ்திரேலிய வேல இனத்து மரத்தை நிழலுக்காக வைத்து, பிறகு அதன் நிழலில் இந்த மண்ணுக்குரிய மரங்களை லக்ஷக்கணக்கில் நட்டார்கள். பள்ளத்தின் அடியிலேயே இப்போது புல்லும் செடியும் தலை காட்டுகின்றன. நல்ல கோணம் என்று என் மனைவி தேர்ந்த இடத்தில் ஒரு கிளை குறுக்கே வந்து படத்தை மறைத்தது. இன்னும் இருபது வருஷத்தில் இந்தப் படத்தை எடுக்கவே முடியாமல் போகலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

இந்த மண்ணுக்குரிய மரம் எது என்று எப்படித் தெரிந்தது? அதற்குச் சாக்ஷி கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில். சுவாமிக்குப் பயந்து யாரும் கத்தி வைக்காததால் வீரையும் காயாவும் கருங்காலியுமாகப் பழைய காட்டின் துணுக்கு ஒன்று அங்கே தப்பி நிற்கிறது. தாவர சாஸ்திரிகள் அதைத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். காட்டிலாகாவும் ஆயிரம் உத்தரவுகளும் செய்யாததை ஓர் ஐயனார் செய்திருக்கிறார். உள்ளே போனால் பட்டப் பகலிலும் மங்கல்தான். என் மனைவி எடுத்த பன்னிரண்டு படங்களில் பதினொன்று இருட்டு. பன்னிரண்டாவதில் ஒரு மண் குதிரையின் காது மட்டும் விழுந்திருந்தது.

போகிறவர்கள் தை மாதத்தில் போவது நலம். கல்மரத்தைக் காலை வெயிலிலும், செம்மண்ணை மாலை வெயிலிலும் எடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் பள்ளத்தின் விளிம்பில் நிற்க வேண்டாம். மண் பொருபொருவென்று உதிரும்.