இரண்டு மௌனிகள்

அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில், கோப்புப் பெயரில் வந்தால் இணைப்புக்கு ஆகாத குறிகள் ஐந்து: # ^ | [ ]. ஐந்துக்கும் ஏற்கெனவே வேலை கொடுத்தாயிற்று. இரட்டைச் சதுர அடைப்புக்குள் # வந்தால் அதன் பின்னால் இருப்பது உள்தலைப்பு, ^ வந்தால் குறிப்பிட்ட ஒரு பத்தி, | வந்தால் திரையில் காட்டவேண்டிய மாற்றுப்பெயர். சி# நிரல்மொழிக்கு ஒரு குறிப்பு வைத்து [[சி#]] என்று இணைத்தால், ‘சி’ என்ற கோப்புக்குள் இல்லாத தலைப்பைத் தேடிக்கொண்டு போகும். விக்கிப்பீடியாவுக்கும் இதே தொல்லைதான். ஆங்கில விக்கியில் அந்தக் கட்டுரையின் தலைப்பில் # கிடையாது. ‘ஷார்ப்’ என்று எழுத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

*

கோப்புப் பெயர்களுக்கு விண்டோஸின் விலக்குப் பட்டியல் வேறு: \ / : * ? " < > |. லினக்ஸில் சாய்கோடு தவிர ஏறக்குறைய எல்லாம் சரி. பழைய மேக்கில் கோப்புறைகளைப் பிரித்ததே முக்காற்புள்ளி. 1983-இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது சாய்கோடு கட்டளைகளின் துணைக்குறியாக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதனால்தான் பின்சாய்கோடு வந்தது. அன்றைக்கு எவரோ எடுத்த அவசர முடிவுகள். நாற்பது ஆண்டு கழித்தும் என் கட்டுரைத் தலைப்பில் கேள்விக்குறி இருக்கலாமா கூடாதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. மேக்கில் ‘எது சிறுகதை?’ என்று பெயரிட்டு, கிட் என்ற பதிப்பாளுகைக் கருவி வழியாக விண்டோஸில் இறக்கினால் அந்தக் கோப்பு இறங்காது.

*

உ.வே.சா. என்று ஒரு கோப்புறை. கடைசிப் புள்ளியை விண்டோஸ் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அந்தக் கோப்புறையை லினக்ஸுக்கு நகர்த்தினால், புள்ளியோடு எழுதிய பாதைக்கு அங்கே ஆள் இருக்காது. தலைப்பெழுத்தால் மட்டுமே அறியப்படும் பெரியவர்கள் நம்மிடம் நிறைய என்பதால் எழுதி வைக்கிறேன்.

*

குறிப்பெழுதும் மென்பொருள் அன்பர்கள் எல்லாரும் ஒருமுறையாவது நிக்லாஸ் லூமான் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஜெர்மானியச் சமூகவியலர், 1998-இல் இறந்தார், விட்டுப்போனது சுமார் 90,000 துண்டுச்சீட்டுகள். சீட்டுப்பெட்டியைப் பற்றியே அவர் எழுதிய புகழ்பெற்ற சீட்டின் எண் 9/8. இந்த எண்ணை இன்று கோப்புப் பெயராக வைக்க முடியாது. 9 என்ற கோப்புறைக்குள் 8 என்ற கோப்பு என்றுதான் கணினி வாசிக்கும். மூலவரின் எண்முறையே அடியார்களின் கணினிக்குள் நுழையாது. அவர்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று பன்னிரண்டு இலக்கத்தை ஒன்றாகச் சேர்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

*

மேலே சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறிகள். பாதிக்குமேல் மென்பொருளே எச்சரித்துவிடும். தமிழில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

மௌனி. இந்தப் பெயரில் கதையெழுதியவரைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகரத்தோடு ஔகாரக் குறி சேர்த்தால் மௌ. ஒற்றைக்கொம்பு போட்டு மெ, பக்கத்தில் ளகரம் என்று அடித்தால் அதுவும் பார்வைக்கு மௌ, உண்மையில் மெள. பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அச்சிலும் அந்தப் பின்பாதிக்கு ளகரத்தின் உருவம்தானே. கணினிக்கோ முதலாவது நான்கு குறியீடு, இரண்டாவது ஐந்து. [[மெளனி]] என்று இணைத்துச் சொடுக்கினால் பிழைச்செய்தி வராது. புதிதாக ஒரு வெற்றுக் கோப்பு திறக்கும். பக்கப்பட்டியில் இரண்டு மௌனி அடுத்தடுத்து நின்றாலாவது கண்ணில் படும். அதுவும் நடக்காது. ஒருவர் ‘மெ’ வரிசையில், மற்றவர் ‘மௌ’ வரிசையில். நடுவில் மேகம், மைசூர், மொழி, மோகம் என்று ஊரே நிற்கும்.

ஒரேயடியாகத் தேடி மாற்றிவிடலாமே என்றால் அதுவும் ஆபத்து. வெளி, தெளிவு, பெளவம் மூன்றிலும் கொம்பும் ளகரமும் இருக்கின்றன. மூன்றாவது மட்டும்தான் பிழை. இதற்கு நிரல் போதாது, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். மௌனம், கௌரவம், பௌத்தம், சௌராஷ்டிரம் என்று தலைச்சொற்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் வழி.

*

ஸ்ரீரங்கம் இன்னும் மோசம். முதலெழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் ஆக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் ஆக்கலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோட் விதிப்படி இவை சமமானவை அல்ல. ஆகவே எந்தச் சீராக்கமும் இரண்டையும் ஒன்றாக்காது.

*

கோ-வின் கதைக்காவது விதியில் தீர்வு உண்டு. க-வோடு ஓகாரம் ஒரே குறியீடாகவும் வரலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரிந்தும் வரலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்தே வைத்தது. 2017-இல் வந்த மேக்கின் புதிய முறைமையான ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கிறது. லினக்ஸ் எதையும் ஆராய்வதில்லை, பைட்டுக்குப் பைட் ஒத்துப்போனால்தான் திறக்கும். பழைய மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு ஏற்றிய பக்கங்களில் ‘கோவில்’ மட்டும் திறக்காமல் ‘மலை’ திறந்தால் காரணம் இதுதான். மலையில் பிரிக்க ஒன்றுமில்லை. லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சின்னக் கருவி கோப்புப் பெயர்களை மொத்தமாகச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும்.

*

நீளக் கணக்கு. கோவில்: கண்ணுக்கு மூன்றெழுத்து, ஆறு குறியீடு, 18 பைட். இணைய முகவரியில் நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளோடு 54 எழுத்து. லினக்ஸில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட்; தமிழுக்கு 85 குறியீடு. ஆய்வேட்டுத் தலைப்பை அப்படியே கோப்புக்குச் சூட்டுகிறவர்களுக்கு இது போதாது.

*

ஜாப்லின் என்ற இன்னொரு குறிப்புச் செயலி இந்தச் சிக்கலிலேயே இறங்குவதில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் 32 இலக்க அடையாள எண். இணைப்பு அதற்குத்தான், தலைப்புக்கு அல்ல. தலைப்பில் கேள்விக்குறி வரட்டும், இரண்டு மௌனியும் வரட்டும், இணைப்பு அறாது. விலையும் உண்டு: அந்தச் செயலிக்கு வெளியே கோப்புறையைத் திறந்தால் எது எந்தக் குறிப்பு என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு அது ஒத்துவராது. செயலி செத்த பிறகும் பெயரைப் படித்துக் கோப்பைத் திறக்கவேண்டும். எனவே கோப்புக்கு நிறுத்தற்குறியே இல்லாத மொட்டைப் பெயர். கேள்விக்குறியோடு, முக்காற்புள்ளியோடு முழுத்தலைப்பு கோப்பின் உள்ளே முதல் வரியில். அப்சிடியனில் குறிப்பின் தலையில் மாற்றுப்பெயர்கள் எழுத இடம் இருக்கிறது. ‘மெளனி’யையும் அங்கே ஒரு மாற்றுப்பெயராகப் போட்டுவிட்டேன். இனி எப்படித் தட்டினாலும் பரிந்துரைப் பட்டியலில் வருவது ஒரே கோப்பு. ஸ்ரீரங்கத்துக்கும் அப்படியே செய்யவேண்டும். கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது மட்டும் செயலிக்குள்ளிருந்தே. வெளியே கோப்பு மேலாளரில் மாற்றினால் பழைய இணைப்புகளைத் திருத்த ஆளில்லை.