கோட்டுக்கு வெளியே

சிவகாசிக்காரர்களான எங்களுக்கு ஹாக்கி என்றால் பக்கத்துக் கோவில்பட்டிதான். அங்கே ஆட்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் வாசுதேவன் பாஸ்கரன் நினைவுக்கு வருவார். ஆரணியில் பிறந்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றது. (பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் வரவில்லையே என்பார்கள். வராதவர்களை எப்படித் தோற்கடிப்பது?)

என்னை உறுத்துவது பயிற்சியாளர் பாஸ்கரன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என முன்னிலையும் கிடைத்தது. கடைசி நிமிடங்களில் போலந்து சமன் செய்துவிட்டது. இந்தியாவுக்கு 7ஆம் இடம்.

ஆடுகிறவனுக்குக் கையில் மட்டையாவது உண்டு. பயிற்சியாளன் கோட்டுக்கு வெளியே நின்று கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த நிமிடங்களில் மாஸ்கோத் தங்கம் அவருக்கு எந்த விதத்தில் உதவியிருக்கும்?

2006 உலகக் கோப்பைக்கு அதே பொறுப்பை மறுபடியும் ஏற்றார். அணி 11ஆம் இடம் பெற்றது. தோல்வியைவிட, அவர் திரும்பி வந்ததுதான் எனக்கு இன்னமும் வியப்பு.