இருமுறை நீக்கப்பட்ட மாணவர்

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று சென்ற வாரக் கட்டொழுங்குக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. வகுப்பாசிரியர் என்ற முறையில் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். படிவத்தை வீட்டிற்குக் கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு எஸ்.ஆர். நாதன் அவர்களின் நினைவு வந்தது.

சிங்கப்பூரின் அதிபராக 1999 முதல் 2011 வரை இருந்தவர் என்றே பலரும் அவரை அறிவர். அதற்கு முன்னர் இரு நாடுகளில் சிங்கப்பூரின் தூதராக இருந்தவர் அவர். அப்பதவிகளை விட, அவற்றிற்கு அவர் வந்து சேர்ந்த வழியே ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டியது.

1924-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சிறுவயதைக் கழித்தது நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில். தந்தையார் வழக்கறிஞர் அலுவலக எழுத்தர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கடன் சூழ்ந்து, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகனுக்கு அப்போது எட்டு வயது. பின்னர் இரண்டு பள்ளிகள் அச்சிறுவரை நீக்கின. பதினாறு வயதில் வீட்டை விட்டும் ஓடினார்.

ஜப்பானியர் ஆட்சியின்போது, அகராதியைத் துணைகொண்டு ஜப்பானிய மொழியைத் தாமே கற்று மொழிபெயர்ப்பாளரானார். வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்து, 1954-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். வயது முப்பது! மருத்துவமனையில் சமூகப் பணியாளர், பிறகு கப்பல் தொழிலாளர் நல அதிகாரி. வெளியுறவு அமைச்சில் அவர் சேர்ந்தது 1966-இல்தான். துன்பப்பட்டவர்களின் முறையீட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான் பின்னாளில் தூதருக்கு உதவியது என்று நான் எண்ணுகிறேன்.

1974-இல் ஆயுதமேந்திய நால்வர் ‘லாஜு’ என்ற படகின் பணியாளர்களைப் பிணை பிடித்தனர். பிணையாளிகளை மீட்பதற்காக, அந்நால்வருடன் ஒரே விமானத்தில் குவைத் வரை சென்ற பதின்மூன்று அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர் நாதன். உயிரோடு திரும்புவோம் என்ற உறுதி எவருக்கும் இல்லாத பயணம் அது.

1986-இல் இஸ்ரேலிய அதிபர் சிங்கப்பூருக்கு வருகை தந்ததை எதிர்த்து இங்கே எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கலாம். அந்தக் கசப்பு முற்றும் ஆறாத 1988-இல் அவர் கோலாலம்பூருக்கு உயர் ஆணையராக வந்தார். 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் தூதர். அங்கேதான் மிகக் கடினமான சோதனை காத்திருந்தது. 1994-இல், கார்களைச் சேதப்படுத்திய பதினெட்டு வயது அமெரிக்க இளைஞர் மைக்கேல் ஃபேக்கு சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறு பிரம்படி விதித்தது. அதிபர் கிளிண்டனே தலையிட்டார். அடிகள் நான்காகக் குறைக்கப்பட்டனவே தவிர, தண்டனை நின்றுவிடவில்லை. கோபமுற்ற அமெரிக்கர்கள் முன்னே தம் நாட்டின் சட்டத்தை எடுத்துரைக்கும் பொறுப்பு நாதனுடையது.

அத்தண்டனை எனக்கு உடன்பாடானது அன்று. ரோத்தானைக் கையில் எடுத்த ஆசிரியன் நான். அதனால் திருந்திய பிள்ளை எவரையும் கண்டதில்லை. ஆனால் என்னை உறுத்துவது வேறு. அடங்காத பிள்ளை என்று பள்ளிகளால் தள்ளப்பட்டவர், அடங்காத வேறொரு பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையை உலகின் முன் நின்று விளக்க நேர்ந்ததே! அப்போது அவர் மனத்தில் தம் பழைய பள்ளிக்கூட வாசல் வந்து போயிருக்குமா?

என் மாணவனுக்கும் தந்தை இல்லை. இதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற படிவத்தில் தயங்காமல் கையெழுத்திட்டேன். அந்தப் பையன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

திங்கட்கிழமை மீண்டும் கூட்டம். படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதற்கு முன் அவன் அம்மாவை ஒருமுறை வீட்டில் சென்று பார்க்கப் போகிறேன்.