பழைய வண்டியும் பனிக்காலையும்

ஐதராபாத்தில் குளிர் நெடுநாள் தங்குவதில்லை. மார்கழியில் சில விடியல்கள் 10, 12 டிகிரிக்கு இறங்கும்; பிறகு சங்கராந்திப் பட்டங்களோடு அதுவும் பறந்துவிடும். பழைய வண்டி வாங்க விழைவோர்க்கு அந்தச் சில வாரங்களே உகந்த காலம் என்பது எங்கள் கருத்து. நண்பகல் வெயிலில் எந்த வண்டியும் எளிதில் கிளம்பும். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியிலோ எண்ணெய் தடித்திருக்கும், பாட்டரியின் ஆற்றல் குறைந்திருக்கும். அந்நிலையில் கிளம்பினால்தான் அது கிளம்புதல்.

கர்நூல், கடப்பை வழியாக, வேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அம்மாவின் முழங்கால் ரயில் படியேற இடங்கொடுப்பதில்லை. அடுப்பும் படுக்கையும் கொண்ட இழுவை வீடுகளில் மேல்நாட்டார் ஊர் சுற்றுகின்றனர் என்பர். நம்மவர் குடும்பங்களுக்கு அந்த இடத்தை நிரப்பியது மாருதி ஆம்னி. தாழ்ந்த படி, சறுக்குக் கதவு, பின்னிருக்கையில் கால் நீட்ட இடம், புளியோதரைத் தூக்குக்கு ஒரு மூலை. 2019இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டமையால் இனிப் பழையதைத்தான் தேட வேண்டும்.

உப்பல் பக்கம் ஒருவர் 2018ஆம் ஆண்டு வண்டியை விற்கிறார் என அறிந்தோம். தொலைபேசியில் நாங்கள் வேண்டிக்கொண்டது ஒன்றே: நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டா. சூடேறிய எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். மல்காஜ்கிரியில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர் ஒருவருடன், அம்மாவையும் கம்பளி போர்த்தி அழைத்துக்கொண்டு, காலை 6 மணிக்கே சென்றோம்.

ஆம்னியின் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பது. பட்டறைக்காரர் இருக்கையைத் தூக்கி, இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, அது சில்லென்றிருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே சாவியைக் கேட்டார். வண்டி இரண்டாம் திருகலில் கிளம்பியது. புகைபோக்கியில் வெண்புகை வரக் கண்டு நாங்கள் கலங்கினோம். "குளிரில் அது வெறும் நீராவிங்க, நீலமா வந்தாத்தான் எண்ணெய் எரியுதுன்னு அர்த்தம். வெள்ளை அடங்காமலே இருந்தாலும் சந்தேகப்படணும்" என்றார். சில நிமிடங்களில் அடங்கிற்று. அம்மா ஏறி அமர்ந்து, தலையணைக்கு இடம் பார்க்கலானார்.

அதன்பின் பட்டறைக்காரர் செய்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இருக்கைப் பட்டையை அதன் சுருள் தீரும்வரை இழுத்தார். கண்ணில் படும் பகுதி கழுவித் தூய்மையாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. இருக்கைத் திருகாணிகளில் துரு. தரைவிரிப்பின் அடியில் விரலை ஓட்டினால் நுண்வண்டல். 2020 அக்டோபர் 13ஆம் நாள் கொட்டிய பெருமழையில் இந்நகரின் தெருக்களில் கார்கள் மிதந்தன அல்லவா? அவற்றுள் மீட்டுக் கழுவப்பெற்றவை பல. நீரில் மூழ்கிய வண்டி உடனே படுத்துவிடுவதில்லை. மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்து, ஆள் நடமாட்டமற்ற சாலையில் ஒரு நாள் நிற்கும்.

அவர் பழைய காப்பீட்டுச் சீட்டுகளைக் கேட்டார். அடுத்த ஆண்டுச் சீட்டில் நோ கிளெய்ம் போனஸ் அற்றுப்போயிருந்தால், இழப்பீடு வாங்கப்பட்டிருக்கலாம் என ஐயுறலாம். விற்பவரிடம் 2022க்கு முந்தைய சீட்டு எதுவும் இல்லை. அவரும் அவ்வாண்டில் இரண்டாம் கையாக வாங்கியவரே. பட்டையின் கறையை அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எங்களுக்கு வருத்தமாகவே இருந்தது. வண்டியை மறைத்து விற்க வந்தவர் முகம் அன்று அது. விலையில் 20,000 குறைப்பதாகத் தெலுங்கில் மெல்லச் சொன்னார். படிவம் 29, 30 இரண்டையும் எடுத்து வைத்திருந்தார், கையொப்பமே குறை.

பணம் எங்கள் பையிலேயே இருந்தது, இரண்டாண்டுச் சேமிப்பு. ஆயினும் கடப்பைக்கு அப்பால், இரவில், அம்மாவோடு நின்றுபோகும் வண்டிக்கு எந்த விலையும் மலிவன்று.

அம்மாவை இறங்கச் சொல்வதுதான் அரிதாயிற்று. "வண்டி நல்லாத்தானேப்பா ஓடுது?" என்றார். பட்டறைக்காரர் அவர் கையைப் பற்றி இறக்கிவிட்டு, "அடுத்த ஞாயிறு அல்வாலில் ஒண்ணு இருக்கும்மா, அதையும் விடியற்காலையிலேயே பார்த்துடலாம்" என்றார்.