புல் வெட்டும் மிஷினும் எங்க தாத்தாவும்

போன வாரம் வகுப்பில் செமினார். எல்லோரும் செல்போன், கார் என்று எடுக்க, நான் எடுத்தது கையால் தள்ளும் புல் வெட்டும் மிஷின். சிரித்த அத்தனை பேருக்கும் இந்தப் பதிவு சமர்ப்பணம் :-)

இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பக்கம் எட்வின் பட்டிங் என்று ஒரு மெக்கானிக். அங்கே கம்பளி மில்கள் அதிகம். துணி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சுழலும் கத்தியால் சீவும் மிஷினைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். 1830-ல் பேடண்ட் வாங்கினார். அதுவரை நீளக் கைப்பிடி அரிவாளோடு ஆட்கள்தான் வெட்டினார்கள். இல்லாவிட்டால் ஆடு!

தள்ளும்போது பின் உருளை தரையில் உருளும். பல்சக்கரங்கள் அந்த ஓட்டத்தை வாங்கிக் கத்திகளை வேகமாகச் சுழற்றும். கீழே அசையாத ஒரு பட்டைக் கத்தி. நடுவில் சிக்கும் புல், கத்தரிக்கோலில் மாட்டிய மாதிரி வெட்டுப்படும். அகலம் 19 அங்குலம். கனமான இரும்பு என்பதால், முன்னால் இன்னொருவர் இழுக்கவும் ஒரு கைப்பிடி.

நம்ம காமர்ஸ் விஷயமும் உண்டு. யோசனை பட்டிங்குடையது, முதல் ஜான் ஃபெராபீ உடையது. இருவரும் கூட்டு சேர்ந்தார்கள். தாங்களே செய்து விற்றதோடு நிற்காமல் மற்றவர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்க, 1832-லேயே இப்ஸ்விச்சில் ரான்சம்ஸ் கம்பெனி தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.

பேடண்டில் ஒரு தமாஷ். இதைத் தள்ளுவது கனவான்களுக்குப் பொழுதுபோக்கான, ஆரோக்கியமான உடற்பயிற்சியாக இருக்குமாம். தாத்தாவிடம் சொன்னேன். "எக்சர்சைஸா? அப்புறம் எனக்கு எதுக்குடா சம்பளம் கொடுத்தாங்க?" என்றார்.

தாத்தா ஒரு கிளப்பில் வேலை பார்த்தார் என்று உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என்ன வேலை என்று சொன்னதில்லை. தோட்டவேலை. இந்த மாதிரி மிஷினைத்தான் சித்திரை வெயிலில் தள்ளினார். உள்ளங்கை இன்றும் காய்த்துப் போய்க் கிடக்கிறது. கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு புல் முளைக்கக்கூட இடமில்லை.

செமினாரில், கத்தி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று சார் கேட்டார். "ஒரு பேப்பரை நடுவில் விட்டு, கத்தியைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும் சார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுத்தமாக வெட்டினால் சரி" என்றேன். "எங்கே படிச்சே?" என்றார். "புத்தகத்துல சார்" என்று சொல்லிவிட்டேன்.

புத்தகத்தில் இல்லை சார். தாத்தா சொல்லிக் கொடுத்தது.