சுப்பீரியர் ஏரிக்கு ஏற்ற உடை

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் தலையாயது சுப்பீரியர். உலக நன்னீர் ஏரிகளுள் பரப்பினால் இதுவே பெரியது. 82,000 சதுர கிலோமீற்றருக்கும் சற்று மேற்பட்டது. ஆழம் மிக்க இடத்தில் 406 மீற்றர். இக்கரையில் தொன்றுதொட்டு வாழும் ஒஜிப்வே மக்கள் இதனைக் கிச்சிகமி என்பர். பெருங்கடல் என்பது பொருள். கரையில் நிற்போர்க்கு மறுகரை தெரியாது. அலையும் உண்டு, இரைச்சலும் உண்டு. உப்பு ஒன்றுதான் இல்லை.

தென்கரையில், விஸ்கொன்சின் மாநிலத்தில், அப்போஸ்தலர் தீவுகள் எனப்படும் 22 தீவுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவும் அயலிலுள்ள கரையும் 1970ஆம் ஆண்டிலே தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்டன. அக்கரையிலே செம்மணற்கற் பாறைகளை அலைகள் காலமெல்லாம் குடைந்து தூண்களும் வளைவுகளும் மண்டபங்களுமாக ஆக்கியிருக்கின்றன. அக்குகைகளுள் நுழைந்து காண்பதற்குக் கயாக் என்னும் ஒடுங்கிய தோணியே ஏற்றது. மெயர்ஸ் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் துடுப்பு வலித்தால் குகைகள் தொடங்கும்.

நாம் அங்குச் சென்றது யூன் மாதத்தில். வெயில் நன்றாக எறித்தது. அந்நாட்டிலே கல்வி பயிலும் எம் தம்பி மகனும் உடன் வந்தான். பருத்திச் சட்டையும் அரைக்காற்சட்டையுமே இவ்வெயிலுக்குப் போதும் என்பது அவன் எண்ணம். தோணி வாடகைக்கு விடுபவரோ தடித்த றப்பர் உடைகள் இரண்டை எடுத்து எம்முன் வைத்தார். “இந்த வெயிலிலே இதை எப்படிப் பெரியப்பா உடுப்பது?” என்றான் அவன். அவர் அவனை நீர்விளிம்புக்கு அழைத்துச் சென்று, முழங்கையளவும் கையை நீரில் வைத்திருக்கச் சொன்னார். சிறிது நேரத்துக்குள் அவன் கையை வெளியே இழுத்துக்கொண்டான். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

வெயிலில் இத்துணைக் குளிர் எங்ஙனம் வந்தது? ஆழமான நீர் மெல்லவே சூடேறும். கோடை தொடங்கிய பின்னரும் இவ்வேரி மாரியின் குளிரை விட்டுவிடுவதில்லை. யூன் மாதத்திலும் நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இருப்பதுண்டு. கரையிலிருந்து வீசும் காற்று மேல்நீரைத் தள்ளிச் சென்றால், அடியிலுள்ள குளிர்நீர் மேலெழும். ஆகவே நேற்றைய நீரை நம்பி இன்று இறங்குதலும் தவறு.

குளிர்நீரில் திடீரென வீழ்ந்தவன் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுப்பான். அக்கணம் முகம் நீரினுள் இருந்தால் அதுவே முடிவாகலாம். மனிதோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோடன் கீஸ்பிறெக்ற் இதனை 1-10-1 என்னும் எளிய கணக்காகக் கூறுவர். மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம்; கைகால்கள் பயன்படுவது பத்து நிமிடம்; உணர்வு மயங்குமுன் ஒரு மணி. உறைநிலையை ஒட்டிய நீருக்கு உரிய கணக்கு இது. நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இரண்டாவது எல்லை கடந்தபின் நீச்சல் உதவாது.

எனவே முதலில் வேண்டுவது உயிர்காப்பு அங்கி. தோணியில் வைத்திருப்பதற்கன்று, அணிந்து இறுக்கிக் கட்டுவதற்கே. அடுத்தது உடல் உடை. நியோப்பிறீன் என்னும் நுரை றப்பர் உடை தன்னுள் மெல்லிய நீர்ப்படையைத் தேக்கி, உடற்சூட்டால் அதனை வெதுவெதுப்பாக்கும். அது உடலோடு ஒட்டியிருத்தல் வேண்டும். தளர்ந்தால் குளிர்நீர் புகுந்து புகுந்து வெளியேறும். கையில்லாத வகை துடுப்பு வலிப்பதற்கு இசைவானது. உலர்உடை என்பது வேறு. கழுத்திலும் மணிக்கட்டிலும் றப்பர்ப் பட்டிகளால் நீரைத் தடுப்பது அது. அதற்குத் தனியே சூடில்லை. உள்ளே கம்பளி உடுத்தல் வேண்டும். வியர்க்கிறதென்று அதன் இழுபட்டியைத் திறந்து வைப்போர் அதனை அணியாதவரே ஆவர். பருத்தியோ நனைந்தால் உடலின் சூட்டைக் காவாது.

வெப்பத்துக்கு என் செய்வது? தொப்பியை ஏரியில் தோய்த்து அணியலாம். மேலே நீரை இறைத்துக்கொள்ளலாம். கரையோரத்தில் ஒருமுறை மூழ்கி எழலாம். இம்மூன்றையும் நாம் செய்தோம். புறப்படுமுன், உடுத்த உடையுடனே மார்பளவு நீரில் சிறிது நேரம் நின்று பார்க்குமாறு தோணிக்காரர் பணித்தார். உடையைச் சோதிக்கும் இடம் கரையோரமே, நடு ஏரியன்று.

குகைகளின் அழகு சொல்லில் அடங்காது. நீரில் பட்ட ஒளி செம்பாறை விதானத்தில் நெளிந்தாடியது. துடுப்பின் ஓசை குகையின் உள்ளே சென்று மீண்டு வந்தது. ஆயினும் அங்கே நீண்ட தூரம் ஏறி நிற்கக் கரையில்லை. செங்குத்தான பாறையே உண்டு. தோணி கவிழ்ந்தால் உடுத்த உடையன்றி வேறு துணையில்லை. தம்பி மகன் அண்ணாந்து அப்பாறையைப் பார்த்தான். பின் அங்கியின் வாரை ஒருமுறை இறுக்கிக்கொண்டான்.

இத்தோணியை உலகுக்கு அளித்த வடதுருவ மக்கள் கடல்நாய்த் தோலால் உடை தைத்து, தோணியின் வாயோடு அதனைப் பொருத்திக் கட்டினர். அவர்கள் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை: காற்றைப் பார்த்து உடுப்பவன் கரையில் சுகமாக இருப்பான், நீரைப் பார்த்து உடுப்பவன் கரைக்குத் திரும்பி வருவான்.