மோதிரம், பாறை, சாட்சியம்

‘தொலைந்துபோச்சு’ என்பது வில்லியனூர், பாகூர் பக்கத்தில் ஒரு மரியாதைச் சொல். போன வருஷம் கழுத்தில் கிடந்த இரட்டை வடம் எங்கே என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், கேட்டவளும் சொன்னவளும் இந்தச் சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். வடம் எங்கேயும் தொலையவில்லை, ஏதோ ஒரு வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் எண் எழுதிய பையில் பத்திரமாக இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பைகளுக்கு ரசீது எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் தெரியும். நடவுக்கு முன்பும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலும் நிறைய நகைகள் தொலைகின்றன. அறுவடை முடிந்ததும் கொஞ்சம் அகப்படுகின்றன. அகப்படாதவை ஏலத்துக்குப் போகின்றன. அவற்றுக்கும் அதே சொல்தான்.

ஒரு சமூகம் தன் கௌரவத்துக்காக ஒரு சொல்லை இவ்வளவு தூரம் செலவழித்துவிட்டால், நிஜமாகவே தொலைத்தவன் எதைச் சொல்லுவான்? என் அக்கா மகன் 2024 பிப்ரவரியில் செஞ்சிப் பக்கத்துப் பாறை ஒன்றில் கல்யாண மோதிரத்தைத் தொலைத்தான். அரைப் பவுன், நான்கு கிராம். பெண் வீட்டில் போட்டது.

எங்கள் மண்ணில் பாறை கிடையாது. பாகூர் ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும். வில்லியனூரில் நீளமும் அகலமும் உண்டு, உயரம் என்று ஒன்று வேண்டுமானால் திருக்காமீசுவரர் கோபுரத்தைத்தான் பார்க்கவேண்டும். பாறைக்கு மேற்கே போகவேண்டும். செஞ்சியை நெருங்கும்போதே யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டைக் கற்கள் தொடங்கிவிடும். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் படை ஓர் இரவில் அந்தக் கோட்டையைப் பிடித்தது. புதுச்சேரிக்காரர்களின் முதல் மலையேற்றம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பையன்கள் ஏறுவது கோட்டை எல்லைக்கு வெளியே, பேரில்லாத குண்டுக்கற்களில். பத்து, பதினைந்து அடிதான் உயரம். கயிறு இல்லை. கீழே ஒரு தடித்த மெத்தை, இடுப்பில் கை வியர்வையை உறிஞ்சும் வெள்ளைத் தூள் அடைத்த சிறு பை. இதைப் போல்டரிங் என்கிறார்கள். கிறிஸ் ஷர்மா என்ற அமெரிக்கர் ஹம்பிக்கு வந்து ஏறியதைப் படமெடுத்து 2003இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் அந்தக் கற்களைத் தேடி வருகிறார்கள்.

நம் ஜனங்கள் பாறை ஏறாதவர்கள் அல்ல. போளூர்ப் பக்கம் பர்வதமலையில் கடப்பாறை நெட்டு என்ற செங்குத்தான இடம் இருக்கிறது. பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு, பௌர்ணமி இரவில், வளையலும் மோதிரமும் தாலியுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். அங்கே உடம்பிலிருந்து எதையும் கழற்றுவது அபசகுனம். பாறையேறும் பையன்களின் சாஸ்திரம் இதற்கு நேர்மாறு: முதலில் மோதிரத்தைக் கழற்று.

இதற்குக் காரணம் ஸ்தூலமானது. பாறைப் பிளவில் விரலை நுழைத்து உடம்பின் எடையை அதில் தொங்கவிடும்போது கால் நழுவினால், மோதிரம் கல்லில் மாட்டிக்கொள்கிறது. உடம்பு கீழே வருகிறது. விரலின் தோலும் சதையும் ரத்தக்குழாயும் உறையைக் கழற்றுவதுபோல வந்துவிடும். ரத்த ஓட்டம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து இந்தக் காயத்தை மூன்று வகுப்பாகப் பிரித்து அர்பேனியாக் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1981இல் எழுதிய கட்டுரையையே கை அறுவை வைத்தியர்கள் இன்னும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். பாறைகூட வேண்டியதில்லை. ஜிம்மி ஃபாலன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் 2015இல் சொந்தச் சமையலறையில் தடுக்கி விழுந்தபோது மோதிரம் மேடையில் மாட்டி, விரலை ஒட்டவைக்க ஆறு மணி நேர அறுவை நடந்தது, பத்து நாள் தீவிர சிகிச்சை. ஆக, பாறையில் மோதிரம் தொலைவது பெரும்பாலும் முன்ஜாக்கிரதையின் விளைவு. விரலைக் காப்பாற்றக் கழற்றுகிறான். கழற்றியதை எங்கே வைப்பது என்பதில்தான் போகிறது. ஷூ கயிற்றில் முடிகிறார்கள், கழுத்துச் சங்கிலியில் கோக்கிறார்கள், சிலிக்கோன் ரப்பரில் மோதிரம் செய்துகூட விற்கிறார்கள். என் மருமகன் வெள்ளைத் தூள் பையின் அடியில் போட்டுவைத்தான். கற்களுக்கு நடுவே தலைகீழாக வளைந்து திரும்ப வேண்டிய ஒரு இடத்தில் பை கவிழ்ந்தது. இரண்டு குண்டுக்கற்களுக்கு இடையே ஒரு சந்து, கை நுழையும், தோள் நுழையாது. உள்ளே சத்தம் மூன்று தடவை கேட்டதாம். கடைசிச் சத்தம் வெகு தூரத்தில் இருந்தது என்றான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்த் தேடினார்கள். டார்ச், கண்ணாடி, நுனியில் பபிள்கம் ஒட்டிய கம்பி. காந்தம் பயனில்லை, தங்கம் ஒட்டாது. ஒரு ரூபாய் நாணயம் ஒன்று, கண்ணாடி வளையல் துண்டு, ஒரு ஹேர்பின், பழைய பாட்டில் மூடிகள் வந்தன. பாறைக்குப் பாரபட்சமில்லை.

நம் இலக்கியத்தில் தொலைந்த நகை தொலைந்தே இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சகுந்தலையின் மோதிரம் தீர்த்தத்தில் நழுவி மீன் வயிற்றுக்குள் போய், அரசனிடம் திரும்புகிறது. மீன் ஒரு சௌகரியமான உபாயம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவனை முதல் காரியமாகக் காவலர் திருடன் என்று கட்டி இழுத்து வருவது. காளிதாசனுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. ஆனால் மகாபாரதத்து சகுந்தலைக்கு மோதிரமே இல்லை, சாபமும் இல்லை. அவள் சபையில் நின்று, நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான். துஷ்யந்தன் மறுக்கிறான். கடைசியில் அசரீரி ஒன்று சாட்சி சொன்ன பிறகே ஏற்றுக்கொள்கிறான், தனக்கு முன்பே தெரியும், ஊருக்காகக் காத்திருந்தேன் என்று சமாதானமும் சொல்லுகிறான். காளிதாசன் சாபத்தையும் மோதிரத்தையும் சேர்த்து அந்த அரசனைக் காப்பாற்றிவிட்டான் என்பதே என் கட்சி. கலையழகு கூடியது, வாஸ்தவம். ஆனால் வெறும் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதப் பிராணியின் நிலைமை அங்கே போய்விட்டது. பொருள் பேச வந்தவுடன் ஆள் பேசவேண்டியதில்லை.

சீதையின் நகை மூட்டையும் இந்த வகைதான். வால்மீகியில் அவள் ஆகாயத்திலிருந்து ஒரு மலையுச்சியில் உட்கார்ந்திருந்த ஐந்து வானரர் நடுவே ஆபரணங்களைத் துணியில் முடிந்து போடுகிறாள். வழி காட்டுவதற்காகத் தொலைத்த நகை. லட்சுமணனுக்கு நூபுரம் மட்டும் அடையாளம் தெரிகிறது. இன்றும் ஹம்பியில் சுக்ரீவன் குகை என்று ஒன்றைக் காட்டி, நகைகள் அங்கேதான் இருந்தன என்றும், பாறையில் ஓடும் கீற்றுகள் சீதையின் சேலை பட்ட தடம் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பிரதேசத்துக் கற்களில்தான் வெள்ளைத் தூள் அப்பிய கைகள் இப்போது ஏறி இறங்குகின்றன. அவர்கள் தொலைப்பதை எந்த வானரமும் எடுத்துவைப்பதில்லை.

திரும்பி வந்த கதை நிஜத்திலும் உண்டு. 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் மோன் பிளாங் மலையில் மோதி 117 பேர் இறந்தார்கள். ஹோமி பாபா அதில் இருந்தார். அதே மலையில் 1950 நவம்பரில் ‘மலபார் பிரின்சஸ்’ விழுந்திருந்தது. 2013இல் போஸ்ஸோன் பனியாற்றில் ஏறிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் ஓர் உலோகப் பெட்டியைக் கண்டெடுத்தான். உள்ளே சிறு பொட்டலங்களில் மரகதம், நீலம், மாணிக்கம். சில பொட்டலங்களில் இந்தியாவில் செய்யப்பட்டது என்று அச்சடித்திருந்தது. நேரே போலீஸிடம் கொடுத்துவிட்டான். எட்டு வருஷம் உரிமையாளர் தேடப்பட்டு, யாரும் நிரூபணமாகாமல், 2021 டிசம்பரில் பாதி அவனுக்கும் பாதி ஷாமோனி நகராட்சிக்குமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்கும் சுமார் 1,50,000 யூரோ. பனியாறு நகர்கிறது, அதனால் மேலே விழுந்ததை 47 வருஷத்தில் கீழே கொண்டுவந்தது. ஆனால் யாருக்காகக் கொண்டுவந்தது? கல் திரும்பிற்று, அடையாளம் சொல்ல ஆள் இல்லை. எங்கள் பாகூரின் பல்லவர் காலச் செப்பேடுகள் முத்திரை வளையத்தோடு பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனதை யாரும் தொலைந்தது என்பதில்லை. அவற்றுக்கு அட்டவணையில் எண் இருக்கிறது.

இல்லாததே சாட்சியமான கதை மாலரியுடையது. 1924இல் எவரெஸ்டில் மறைந்தார். மனைவியின் புகைப்படத்தை உச்சியில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார் என்பார்கள். 1999 மே 1 அன்று உடலைக் கண்டெடுத்தபோது சட்டைப்பைகளில் கடிதங்கள் இருந்தன, பனிக்கண்ணாடி இருந்தது, கைக்கடிகாரம் இருந்தது, புகைப்படம் இல்லை. அப்படியானால் உச்சியை அடைந்துவிட்டார் என்று ஒரு கட்சி இன்றைக்கும் வாதாடுகிறது. ஒரு துண்டுக் காகிதம் சட்டைப்பையில் இல்லாததற்கு அங்கே இவ்வளவு கௌரவம். இங்கே விரலில் அரைப் பவுன் இல்லாததற்கு ஒரே அர்த்தம்.

அக்கா ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டாயிற்று, சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒருவர் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கச் சொன்னதும் ஆயிற்று. மையில் இரும்புப் பெட்டி தெரிந்ததாம்.

“தம்பி, நீ பேங்க்லதான இருக்க. உன் மருமவன் எந்த பிராஞ்சுல வெச்சிருக்கான்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்.”

“அவன் வெக்கலக்கா. செஞ்சியிலதான் வுழுந்துச்சு.”

“பாத்துட்டுச் சொல்றியா, பாக்காமயே சொல்றியா?”

பார்க்க முடியாது, முடிந்தாலும் பார்க்கக் கூடாது, வாடிக்கையாளர் கணக்கு அது என்றேன். அந்த மறுப்பு பாகூர் போய்ச் சேர்வதற்குள் உருமாறிவிட்டது. மாமனே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டானாம். நான் சொல்லாததும் என் மருமகன் சொன்னதும் ஒரே பைக்குள் விழுந்து, ஒரே எண் ஒட்டப்பட்டன.

எங்கள் கிளைக்கு வரும் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தங்கத்தை இழுத்து, அந்த மஞ்சள் கோட்டின் மேல் அமிலம் வைத்து மாற்றுச் சொல்கிறவர். கல்லுக்கும் தங்கத்துக்கும் நாங்கள் அனுமதித்திருக்கும் உறவு அதுதான். அவர் விரல்களையும் படிப்பார். வருஷக்கணக்காகப் போட்ட மோதிரம் விரலில் ஒரு வெளுத்த பள்ளத்தை விட்டுப்போகும், அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம் என்பார். என் மருமகன் விரலில் பள்ளம் இல்லை. வாரம் தவறாமல் கழற்றிக் கழற்றிப் போட்டவன். உடம்பும் அவனுக்காகச் சாட்சி சொல்லவில்லை.

அவன் மனைவி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு அவளும் போனாள். அவளுடைய கை சின்னது, சந்துக்குள் தோள்வரை போயிற்று. கல்லின் உள்பக்கம் பனிக்காலத்துத் தண்ணீர்த் தொட்டிபோல் ஜில்லென்று இருந்ததென்றும், இன்னும் உள்ளே இடம் போய்க்கொண்டே இருந்ததென்றும் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் யார் அவள் எதிரே ‘அடகு’ என்ற சொல்லை எடுத்தாலும், எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். விமர்சனம் எழுதுகிறவன் பொறாமைப்படவேண்டிய பதில். அவளிடம் மோதிரமும் இல்லை, அசரீரியும் இல்லை. கையை விட்டுப் பார்த்திருக்கிறாள்.

என் அம்மாவின் நம்பிக்கை வேறு திசையில். சங்கராபரணி செஞ்சி மலையில்தானே பிறக்கிறது, வில்லியனூர் வழியாகத்தானே கடலுக்குப் போகிறது, அந்த ஆற்றுக்கே செஞ்சியாறு என்றுதானே பேர் என்பது அவள் வாதம். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த நாட்களில், வெள்ளம் கரை தாண்டி ஓடியபோது திருக்காஞ்சிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் வடிந்ததும் மணலைச் சலிக்க ஆள் வைக்கலாமா என்று கேட்டாள். இருபத்திரண்டு காரட் தங்கம் தண்ணீரைப்போலப் பதினேழு மடங்குக்கு மேல் கனம், முதல் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும், அப்படியே உருண்டு வந்தாலும் நடுவில் வீடூர் அணை இருக்கிறது என்றேன்.

“அணையத்தான் தொறந்து வுட்டாங்களே” என்றாள்.